இன்றைய ஜப்பானியக் கதைகளில் நரி ஆவிகள் ஏன் எப்போதும் அழகிகளாகவோ ஒன்பது வால் அரக்கர்களாகவோ வருகின்றன? பழைய கதைகளும் இப்படித்தானா?

இல்லை. பழைய கதைகளிலும் அழகி உண்டு, ஒன்பது வாலும் உண்டு. ஆனால் அங்கே நரியை நரி என்று யாருக்கும் தெரியாது. கூடவே வாழ்ந்து, சோறு பொங்கிப் போட்டு, பிள்ளையும் பெற்ற பிறகு ஒருநாள் தெரியவரும். கதையின் உயிர் அந்த நாளில்தான் இருக்கிறது. இன்றைய தொடர்களில் முதல் காட்சியிலேயே தலையில் இரண்டு காதுகளும் பின்னால் ஒரு வாலும் வரைந்துவிடுகிறார்கள். பிறகு தெரியவருவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நீங்கள் நருடோ என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடரைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இது வேறு வழியாக வந்து சேர்ந்தது.

கணவரின் வேலைக்காக ஆறு ஆண்டுகள் ஒசாகாவில் இருந்தோம். மகன் அங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தான். அந்த ஊர்ப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாடத்தைப் பிள்ளை வீட்டில் உரக்க வாசிக்க வேண்டும். பெற்றோர் கேட்டுவிட்டு ஓர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். நான்காம் வகுப்பில் வந்தது ‘கொன் என்ற நரி’. நீமி நான்கிச்சி எழுதி 1932இல் வெளிவந்த கதை. அதை எழுதியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

கொன், துணையில்லாத சின்ன நரி. ஹியோஜூ என்ற ஏழை பிடித்து வைத்திருந்த விலாங்கு மீனைக் குறும்புக்காகக் கொண்டுபோய்விடுகிறது. சில நாளில் ஹியோஜூவின் தாய் இறந்துவிடுகிறாள். சாகும் முன் அவள் அந்த மீனுக்கு ஆசைப்பட்டிருப்பாளோ என்று நரிக்கு மனம் உறுத்துகிறது. அன்று முதல் காட்டிலிருந்து கஷ்கொட்டையும் காளானும் பொறுக்கிக்கொண்டுவந்து அவன் வீட்டில் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போகிறது. யார் வைக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. கடவுள் தருகிறார் என்று நண்பன் சொல்கிறான். மறுநாள் நரி வீட்டுக்குள் நுழைவதைப் பார்க்கிற ஹியோஜூ, அன்றைக்கு மீனைத் திருடிய நரிதானே என்று துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறான். பிறகுதான் தரையில் குவிந்திருக்கும் கஷ்கொட்டைகள் கண்ணில் படுகின்றன. “கொன், நீதானா? எப்போதும் கஷ்கொட்டை கொடுத்தது நீதானா?” நரி கண்ணை மூடியபடியே தலையசைக்கிறது. துப்பாக்கி அவன் கையிலிருந்து நழுவி விழுகிறது. குழல் முனையிலிருந்து நீலப் புகை இன்னும் மெல்லிசாக வந்துகொண்டிருந்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வாசித்து முடித்தவன் புத்தகத்தை மூடாமல் கேட்டான்: “அம்மா, அது தலையசைத்ததே, அப்படியென்றால் அவன் கேட்டது அதன் காதில் விழுந்திருக்கிறது, இல்லையா?” விழுந்தது என்றேன். அட்டையில் கையெழுத்துப் போட்டபோது பேனா நகரவில்லை. அந்தக் கதையைப் பத்து நாட்கள் வாசித்தான். பத்து நாளும் கடைசிப் பத்தி வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

கொன் ஆவி அல்ல, சாதாரண நரிதானே, அதற்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வருவார்கள். சம்பந்தம் இருக்கிறது. “நீதானா?” என்ற கேள்வி ஜப்பானிய நரிக்கதைகளின் அடிமடியில் இருப்பது. குஸுனோஹாவின் கதையைப் பாருங்கள். தன்னைக் காப்பாற்றிய அபே நோ யாசுனாவுக்காக ஒரு வெள்ளை நரி, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட குஸுனோஹா என்ற பெண்ணின் உருவத்தில் வந்து குடும்பம் நடத்துகிறது, பிள்ளையும் பிறக்கிறது. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் புகழ்பெற்ற சோதிடர் அபே நோ செய்மெய் என்பார்கள். ஒருநாள் உண்மையான குஸுனோஹா வாசலில் வந்து நிற்கிறாள். இனி இருக்க முடியாது. தூங்கும் பிள்ளையிடம் விடைபெற்று நரி காட்டுக்குத் திரும்புகிறது.

இது 1734இல் ஒசாகாவில் பொம்மலாட்ட நாடகமாக அரங்கேறி, பிறகு கபுகி என்ற மரபு நாடக மேடைக்கும் போனது. கபுகியில் இந்தக் காட்சியை மேல்மாடியின் மலிவு இருக்கையிலிருந்து பார்த்தேன். தாய், காகிதக் கதவில் பிரிவுக் கவிதையை எழுதுகிறாள். பிள்ளை எழுந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. தூரிகை வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போகிறது. சில எழுத்துகள் இடவலம் மாறி விழுகின்றன. கடைசியில் பிள்ளையை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, தூரிகையை வாயில் கவ்வி எழுதுகிறாள். கை மனிதக் கையாக இருக்க முடியாமல் போவதை அந்த எழுத்திலேயே காட்டிவிடுகிறார்கள். காதும் இல்லை, வாலும் இல்லை. பக்கத்தில் இருந்த பாட்டி கைக்குட்டையை எடுத்துவிட்டார். ‘ஏக்கம் வந்தால் தேடி வந்து பார், இசுமியின் ஷினோதா காட்டுக்கு’ என்று போகிறது அந்தக் கவிதை. அதன் முடிவில் வரும் ‘உராமி’ என்ற சொல்லுக்கு மனத்தாங்கல் என்றும் பொருள், காற்றில் புரளும் இலையின் வெளிறிய பின்பக்கத்தைக் காண்பது என்றும் பொருள். அதைத் தமிழில் கொண்டுவர எத்தனையோ முறை முயன்றேன், முடியவில்லை.

மறுபக்கம் தமாமோ நோ மாயே இருக்கிறாள். தொபா பேரரசரை மயக்கி நோயில் தள்ளிய அரண்மனை அழகி. பிற்காலக் கதைகள் அவளை ஒன்பது வால் நரி என்றும், அதற்கு முன் சீனாவிலும் இந்தியாவிலும் அரசர்களைக் கெடுத்தவள் என்றும் சொல்லும். அவள் உறைந்து கிடப்பதாகச் சொல்லும் நாசு மலைக் கல் 2022 மார்ச்சில் பிளந்தபோது உலகமே பேசியது. இன்றைய புனைகதை இந்த ஒருத்தியிடமிருந்துதான் அழகையும் வால்களையும் எடுத்துக்கொண்டது. குஸுனோஹாவை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. எல்லாமே அழகிகள் என்றும் சொல்லிவிட முடியாது. ‘இனுயாஷா’ தொடரில் வரும் நரி ஷிப்போ தகப்பனை இழந்த குழந்தை. ‘காமிசாமா கிஸ்’ தொடரின் நரி தொமோயே ஆண். ஆனால் அவர்களுக்கும் காதும் வாலும் முதலிலிருந்தே வெளியில்தான்.

அனிமே பிடிக்காத பழைய ஆள் என்று என்னை ஒதுக்கிவிடாதீர்கள். நருடோவை முழுக்கப் பார்த்தவள் நான். அதில் என்னைத் தொட்டது ஒன்பது வாலின் வலிமை அல்ல, நரியை உடம்புக்குள் வைத்திருப்பதற்காக ஒரு பிள்ளையை ஊரே ஒதுக்குவது. ஜப்பானின் இசுமோ பகுதியில் ‘நரி வைத்திருக்கும் குடும்பம்’ என்று பெயர் வாங்கிய வீடுகளில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மாட்டார்களாம். இருபதாம் நூற்றாண்டிலும் அது நடந்திருக்கிறது. ஆசிரியர் அதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, எனக்கு அந்த வீடுகள்தான் நினைவுக்கு வந்தன.

இப்போது என் ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பிய பிறகு கொன் கதையைத் தமிழாக்கி ஒரு சிறுவர் இதழுக்குக் கொடுத்தேன். மூன்று மாத உழைப்பு. ‘குள்ளநரி’ என்று போட்டாலே நம் வாசகருக்கு வஞ்சகம் என்று பட்டுவிடும் என்பதால் அந்த ஒரு சொல்லுக்கே ஒரு வாரம் யோசித்தேன். “அம்மா, குழந்தைகள் அழுவார்கள், நரியைப் பிழைக்க வைத்துவிடலாமே” என்றார் ஆசிரியர். என் மகன் அழுதான், ஒன்றும் ஆகிவிடவில்லை என்றேன். இதழ் வந்தது. நரி பிழைத்திருந்தது. படத்தில் ஒன்பது வாலோடு ஒரு பெண் நின்றாள். கதையில் பெண் நரியே கிடையாது. மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘தமிழில்: ஆசிரியர் குழு’. பணம் வரவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வரியில் பெயர் போட என்ன செலவாகிவிடும்? இது எனக்கு மட்டும் நடப்பதில்லை, இந்த வேலை செய்யும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். பழைய கதையின் உயிர் இன்றைய ஆக்கங்களில் எங்கே இருக்கிறது என்றால், யோஷிஹிரோ தொகாஷியின் ‘யூ யூ ஹகுஷோ’ என்ற படக்கதைத் தொடரைச் சொல்வேன். 1990இல் தொடங்கியது. அதில் குராமா என்ற நரி, அடிபட்டுத் தப்பி ஒரு தாயின் கருவுக்குள் புகுந்து மனிதப் பிள்ளையாகப் பிறக்கிறான். வலிமை திரும்பியதும் போய்விடுவதாகத்தான் திட்டம். ஆனால் ஒருநாள் அவனைக் காப்பாற்றப் போய் அவள் கைகளில் கண்ணாடிச் சில்லுகள் கிழிக்கின்றன. அதன் பிறகு அவனால் போக முடியவில்லை. அவள் நோயில் படுத்தபோது தன் உயிரையே கொடுக்கத் துணிகிறான். தன் பிள்ளை யார் என்று அவளுக்குத் தெரியாது. குஸுனோஹாவில் தாய் மறைத்ததை இங்கே பிள்ளை மறைக்கிறான்.

முதலில் அதைப் பாருங்கள். கொன் கதையின் என் தமிழாக்கம், நீலப் புகையில் முடியும் கடைசி வரியோடு, முழுதாக என்னிடம் இருக்கிறது. நான்கிச்சி 1943இலேயே இறந்துவிட்டதால் உரிமைச் சிக்கல் இல்லை. வேண்டும் என்பவர்கள் கீழே சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.