இது கையேந்துவது அல்ல, சகோதரி

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். புதிய மென்பொருள் வந்த பிறகு சில தவறுகள் செய்தேன். மூன்று வாரங்களுக்கு முன், "வேலைத்திறன் போதவில்லை" என்று நீக்கிவிட்டார்கள். அரசு தரும் வேலையின்மை உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறாள் தோழி. "நம் குடும்பத்தில் யாரும் அரசிடம் கையேந்தியதில்லை, நான்தான் சம்பாதிக்கிறேனே" என்கிறார் கணவர். எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது. அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதனால் அது கெட்டுவிடுமா? அடுத்த மாதம் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக இரண்டு வாரம் திருச்சி செல்கிறேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரி, மூன்று வாரங்களாக நீங்கள் தள்ளிப்போட்டதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விண்ணப்பிக்கும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கலிபோர்னியாவில் கணக்கு தொடங்குகிறது. போன வாரங்கள் பெரும்பாலும் போனவைதான்.

முதலில் உங்கள் கணவருக்கு. இது தர்மம் அல்ல, காப்பீடு. உங்களுக்குச் சம்பளம் கொடுத்த ஆறு ஆண்டுகளும் உங்கள் பெயரில் நிறுவனம் இதற்காக வரி கட்டியிருக்கிறது. கார் மோதினால் இன்சூரன்ஸ் பணம் கேட்க நாம் கூசுவதில்லையே! கணவரின் சம்பளத்தையும் யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் முன்பு ஈட்டிய ஊதியம்தான் அளவுகோல். வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், 26 வாரங்கள் வரை. தகுதி பெறும் முதல் வாரத்துக்கு மட்டும் பணம் கிடையாது. மத்திய வருமான வரி உண்டு, மாநில வரி இல்லை.

குடியுரிமை பற்றிய பயத்தை விடுங்கள். உழைத்துச் சேர்த்த உரிமை என்பதால், அரசுக்குச் சுமையாக இருப்பவர் என்ற கணக்கில் இது வராது. (எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் வாசகர்களின் நிலை வேறு. வேலை போனால் அவர்களுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அவர்கள் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.)

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "தவறுகள் செய்தேன்" என்ற வரி. குற்றவாளியின் வாக்குமூலம் போல எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே விதியை மீறுவதும் திருடுவதும் உதவித்தொகையைத் தடுக்கும் ஒழுங்கீனம். முயன்றும் வேலை சரியாக வராமல் போவது ஒழுங்கீனம் அல்ல. ஒழுங்கீனம் என்று சொல்லும் நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆகவே, விண்ணப்பத்தில் "நீக்கப்பட்டேன்" என்றே எழுதுங்கள். கௌரவத்துக்காக "நானே விலகினேன்" என்று எழுதிவிடாதீர்கள். தானாக விலகியவர் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

நீக்கம் என்றால் ஈ.டி.டி. எனப்படும் வேலைவாய்ப்புத் துறை தொலைபேசியில் விசாரிக்கக்கூடும். குறித்த நேரத்தில் அழைப்பை எடுங்கள். தவறினால் கையில் உள்ள தகவலை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள். மென்பொருள் மாறிய தேதி, கிடைத்த பயிற்சி, எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தால் அதன் நகல், எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொன்னால் போதும். மறுப்பு வந்தாலும் சோர வேண்டாம். அந்தக் கடிதத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கே ஒரு நீதிபதி உங்களை நேரடியாக விசாரிப்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் இலவசமாகவே தருவார்கள். முடிவு வரும்வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டிய உறுதிமொழிப் படிவத்தை நிறுத்தாமல் அனுப்புங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: எப்படியும் மறுத்துவிட்டார்களே என்று படிவத்தை நிறுத்திவிட்டு, மேல்முறையீட்டில் வென்ற பிறகு அந்த வாரங்களுக்குப் பணம் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

அந்தப் படிவம்தான் உங்கள் திருச்சிப் பயணத்தோடு தொடர்புடையது. அந்த வாரம் முழுநேர வேலை கிடைத்திருந்தால் ஏற்க முடிந்திருக்குமா, வேலை தேடினீர்களா என்று கேட்பார்கள். அம்மாவின் கட்டிலருகே இருந்துகொண்டு "முடியும்" என்று சொல்லாதீர்கள். ஊரில் இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு வாரத்துக்குப் பணம் வராது. ஆனால் தொகை தொலைந்துபோவதில்லை, திரும்பி வந்த பிறகு, விண்ணப்பம் தொடங்கியதிலிருந்து ஓராண்டுக்குள் பெற்றுக்கொள்ளலாம். பொய் சொன்னது தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் 30 சதவீதம் அபராதமும் கட்ட வேண்டும். குடியுரிமைக்குக் கெடுதல் வருமென்றால் அது இந்தப் பொய்யால்தான் வரும், உதவித்தொகையால் அல்ல.

மருத்துவக் காப்பீடு உங்கள் வேலையோடு வந்ததா? அப்படியானால் கணவரின் நிறுவனத் திட்டத்தில் சேர முடியுமா என்று நாளையே கேட்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் இதற்கு 30 நாட்கள்தான் தருகின்றன. உங்களுக்கு மூன்று வாரம் முடிந்துவிட்டது.

சம்பளச் சீட்டு, சமூகப் பாதுகாப்பு எண், கிரீன் கார்டு, கடைசியாக வேலை பார்த்த நாள், இவற்றை எடுத்துவைத்துக்கொண்டு இன்றிரவே கணவரோடு உட்காருங்கள். சனிக்கிழமைக்குள் விண்ணப்பம் போய்விட்டால் இந்த வாரமும் கணக்கில் சேரும்.