கல்வட்ட மேட்டுக்குப் பக்கத்தில் மனைப்பிரிவு: 100 மீட்டரை எங்கிருந்து அளப்பது?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே கல்வட்டங்கள் (பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றி அடுக்கிய கல் வளையங்கள்) நிறைந்த ஒரு மேடு. மத்திய தொல்லியல் துறையின் நீலப் பலகையும் அங்கே உண்டு. மேட்டை ஒட்டிய நிலத்தில் ஒருவர் செம்மண் சாலை அடித்து, மனைகளுக்கு எல்லைக்கல் நட்டுக்கொண்டிருக்கிறார். போய்க் கேட்டால், "டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கு. கல்வட்டம் ரொம்ப தூரம். நாங்க வீடே கட்டலையே, மனைதானே விக்கிறோம்" என்கிறார். ஊர்க்காரர்கள் சேர்ந்து இதைத் தடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தடுக்க முடியுமா என்பது அந்த நிலம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மனு, மறியல் எல்லாம் அப்புறம். முதலில் அளவு.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள தொல்லியல் இடங்களுக்கு 1958-ஆம் ஆண்டின் நினைவுச் சின்னங்கள் சட்டம் பொருந்தும். 2010-இல் அதைத் திருத்தி இரண்டு வளையங்களைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடைப் பகுதி. அங்கே புதுக் கட்டடத்துக்கு அனுமதி என்பதே கிடையாது. ஏற்கெனவே முறைப்படி இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே கட்டலாம், ஆனால் முன் அனுமதி வேண்டும். மொத்தம் 300 மீட்டர். அதைத் தாண்டிய நிலத்தில் இந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. அங்கே ஏரி, ஓடை, புறம்போக்கு என்று வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும்.

"கல்வட்டம் ரொம்ப தூரம்" என்ற பதிலைத்தான் நான் முதலில் சோதிப்பேன். கண்ணுக்குத் தெரியும் கடைசிக் கல்லிலிருந்து டேப் பிடிப்பது எல்லோரும் செய்கிற வேலை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதி எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் 100 மீட்டர் தொடங்குகிறது. கோயில் என்றால் மதில் சுவர் இருக்கும், ஓரளவு ஊகிக்கலாம். இந்த மேடு போன்ற பெருங்கற்கால ஈமக்காடு, அதாவது பழங்கால இடுகாடு, அப்படியில்லை. அங்கே சர்வே எண்களைக் குறிப்பிட்டு நிலப்பரப்பையே பாதுகாக்கப்பட்டதாக அறிவித்திருப்பார்கள். பல ஏக்கர் நிலத்தில் ஒரு மூலையில் மட்டும் நாலைந்து வட்டங்கள் வெளியே தெரியலாம். மீதி மண்ணுக்குள் இருக்கும். உங்கள் மாவட்டத்திலேயே மதுராந்தகம் பக்கம் சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் அகழாய்வு நடந்தது. மேலே வெறும் கற்குவியலாகத் தெரிந்தவற்றின் அடியிலிருந்து சுடுமண் ஈமப்பேழைகளும் (சவப்பெட்டிகளும்) இரும்புப் பொருள்களும் கறுப்பு-சிவப்புப் பானைகளும் வந்தன.

ஆகவே உங்களுக்குத் தேவையான முதல் காகிதம், அந்த மேட்டைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த அரசிதழ் அறிவிக்கை. தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். அறிவிக்கையின் நகல், சர்வே எண்கள், பரப்பு, எல்லை வரைபடம் இவற்றைக் கேளுங்கள். கூடவே, அந்த மனைப்பிரிவு நிலத்துக்குத் தடையின்மைச் சான்று கேட்டு யாராவது விண்ணப்பித்தார்களா என்பதையும் கேளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, வக்கீல்களே தடுமாறுகிற இடம். அறிவிக்கை பழையது என்றால் அதில் இருப்பது பழைய சர்வே எண். 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்துக்குப் பிறகும், அடுத்தடுத்த உட்பிரிவுகளுக்குப் பிறகும் எண் மாறியிருக்கும். மனை விற்கும் புரமோட்டரின் பத்திரத்தில் இருப்பது புது எண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத நிலங்கள் போலத் தோன்றும். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். 'அ' பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) புல வரைபடத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். எல்லாம் கையில் வந்ததும் தொல்லியல் துறையும் வருவாய்த் துறை சர்வேயரும் சேர்ந்து அளக்க வேண்டும் என்று ஆட்சியருக்கு மனு கொடுங்கள். கூகுள் எர்த்தில் நீங்களே அளந்து பார்ப்பது உங்கள் தைரியத்துக்கு உதவும். நீதிமன்றத்தில் நிற்பது கூட்டு அளவைதான்.

அப்ரூவல் விஷயத்துக்கு வருவோம். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தருவது நகரமைப்பு அனுமதி: சாலை அகலம், பூங்கா இடம், மனை அளவு. தொல்லியல் சட்டத்தின் தடையை விலக்க அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை. ஒழுங்குமுறைப் பகுதியில் கட்டுவதற்கு, அந்தப் பகுதிக்கென நியமிக்கப்பட்ட தகுதி அதிகாரியிடம் விண்ணப்பித்து, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரை வழியாகத்தான் அனுமதி வர வேண்டும். அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தைக் காட்டினால் விட்டுவிடாதீர்கள். நிபந்தனைகள் பின்னால்தான் இருக்கும், அதை யாரும் ஜெராக்ஸ் எடுத்துத் தருவதில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவு வேண்டும். அங்கே தாக்கல் செய்த ஆவணங்களை நீங்களும் பார்க்கலாம்.

தடைப் பகுதிக்குள் யாரோ ஒரு குழு அனுமதி தந்துவிட்டது என்பதும் செல்லாது. டெல்லியில் ஜந்தர் மந்தர் பக்கம் பலமாடிக் கட்டடம் எழுப்ப நினைத்தவர்களுக்குச் சாதகமாக வந்த உயர் நீதிமன்ற உத்தரவை 2012-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

"வீடு கட்டவில்லை, மனைதான் விற்கிறோம்" என்ற வாதம் கேட்க அபத்தமாக இருக்கும். ஆனால் உங்கள் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அதுதான். சட்டம் 'கட்டுமானம்' என்று சொல்வது கட்டடமோ கட்டமைப்போ எழுப்புவதை. எல்லைக்கல் நடுவது அதில் அடங்குமா என்று நாள் கணக்கில் வாதாடலாம். பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே சாலை நுழைந்திருந்தால் இந்த வாதம் நிற்காது. 19-ஆம் பிரிவின்படி, அங்கே நிலத்தின் சொந்தக்காரரே ஆனாலும் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது, வேறு எந்த விதத்திலும் பயன்படுத்தவும் கூடாது. எல்லைக்கு வெளியே 100 மீட்டருக்குள் என்றால், மதில், நுழைவு வளைவு, தண்ணீர்த் தொட்டி, விற்பனை அலுவலகம் என்று ஏதாவது எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதலில் கட்டுவது அந்த வளைவைத்தான்.

ஆர்.டி.ஐ. பதிலுக்கு 30 நாள் ஆகும். கல்வட்டத்தைச் சமன்படுத்த ஜே.சி.பி.க்கு ஒரு மதியம் போதும். அதனால் பதில் வரட்டும் என்று உட்கார வேண்டாம். தேதி, நேரம், இருப்பிடம் பதிவாகும்படி கேமராவில் படமும் வீடியோவும் எடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து எடுத்தால் நாளை ஒன்று காணாமல் போனால் சொல்ல முடியும். பானை ஓடு கிடந்தால் தொடாமல் அப்படியே படம் எடுங்கள்; பத்திரப்படுத்துகிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்தால் வழக்கு உங்கள் பக்கமே திரும்பும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பதற்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சிதைப்பது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். ஆகவே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே நகலைத் தொல்லியல் துறை, ஆட்சியர், டி.டி.சி.பி. மூவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தடைப் பகுதியில் கட்டுகிறவருக்கும் அதே 2 ஆண்டுதான். அதற்கு உடந்தையாக இருக்கும் மத்திய அரசு அலுவலருக்கோ 3 ஆண்டு வரை உண்டு. புகாரில் அந்த 30சி பிரிவையும் ஒரு வரியில் சேர்த்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும் என்பது என் எண்ணம்.

கிராம சபைத் தீர்மானம் போடுங்கள். அது மட்டும் எதையும் நிறுத்திவிடாது. ஆனால் இந்த எதிர்ப்பு ஓரிருவரின் நிலத்தகராறு அல்ல, ஊரின் எதிர்ப்பு என்பதற்கு அது சான்று. மதுரை அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2024 நவம்பரில் கிராம சபைகள் போட்ட தீர்மானங்களும் அடுத்து நடந்த போராட்டமும் சேர்ந்துதான் 2025 ஜனவரியில் மத்திய அரசை ஏலத்தை ரத்து செய்ய வைத்தன. அங்கே சமணப் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் இருப்பதை ஊர்க்காரர்கள் விடாமல் சொன்னார்கள். தீர்மானத்தில் 'எங்கள் பாரம்பரியம்' என்று பொதுவாக எழுதாமல் சர்வே எண்களை எழுதுங்கள்.

எதுவும் நகராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு. உங்கள் மாவட்டம் சென்னை அமர்வுக்குள் வரும். "அதிகாரிகளிடம் போனீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், அந்தப் பதிவுத் தபால் ரசீதுகள் அப்போது உதவும். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். தொல்லியல் சட்டம் அதன் வரம்பில் இல்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பு போன்ற சுற்றுச்சூழல் மீறல் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஒரு விஷயத்தை ஊர்க் கூட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கூட்டு அளவை வந்தால் அந்த 300 மீட்டர் கோடு உங்கள் தெருவுக்குள்ளும் வரலாம். மாடி எழுப்ப, பழைய வீட்டை இடித்துக் கட்ட, நீங்களும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். பழைய பல்லாவரம் பக்கம் இப்படி எல்லைக்குள் மாட்டிக்கொண்ட குடும்பங்களின் மனக்குறை இன்னும் தீரவில்லை. இது முன்பே தெரிந்தால், யார் யார் கடைசிவரை கூட நிற்பார்கள் என்பதும் தெரிந்துவிடும். மனைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கட்ட முடியாத மனைக்குக் கடன் வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.