டரன்டுலாவுக்கு எந்தக் கரப்பான், எத்தனை கரப்பான்?

கேள்வி: அண்ணா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மூன்று டரன்டுலா (முடியடர்ந்த பெரிய சிலந்தி) வளர்க்கிறேன். வளர்ந்த மெக்சிகன் ரெட் நீ பெண் ஒன்று, குட்டிகள் இரண்டு. தீனிக்கு ஈப்போ போய்ச் சுவர்க்கோழி வாங்கி வருகிறேன். பாதி ரெண்டு நாளில் செத்துவிடுகிறது, நாற்றம் வேறு. ராத்திரியில் வீட்டுக் கால்வாயில் பெரிய பெரிய கரப்பான் ஓடுகிறது. அதைப் பிடித்துப் போடலாமா? வளர்ப்பதானால் எந்த வகை, எத்தனை வாங்க வேண்டும்? "கரப்பானையா வீட்டுக்குள்ள வளர்க்கப் போற?" என்று அம்மா கோபப்படுகிறார்.

பதில்: தம்பி, கால்வாய்க் கரப்பான் வேண்டவே வேண்டாம். சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் புழங்கும் அமெரிக்கக் கரப்பான் அது. அழுக்கை விட எனக்குப் பெரிய பயம் விஷம்தான். கடையில் விற்கும் கரப்பான் மருந்துகளில் பல, தின்றதை உடனே கொல்லாது. தின்ற பூச்சி இருப்பிடத்துக்குத் திரும்பி மற்றவற்றுக்கும் பரப்பட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். நீங்கள் பிடிப்பது எந்த வீட்டு அடுப்படியில் எதைத் தின்றுவிட்டு வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. தோட்டத்துப் பூச்சிகளும் அப்படித்தான். இளம் செம்பனைக் கன்றுகளுக்குக் காண்டாமிருக வண்டைத் தடுக்க சைபர்மெத்ரின் அடிப்பது வழக்கம். பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும்.

மக்கிய குப்பையைக் கிளறினால் கருப்பாக, பளபளப்பாகச் சின்னக் கரப்பான்கள் மண்ணுக்குள் ஓடி ஒளியும், பார்த்திருப்பீர்கள். அது சுரினாம் கரப்பானாக இருக்கலாம். சிலர் அதையும் தீனிக்கு வளர்க்கிறார்கள். தோட்ட வீட்டுக்கு அது ஒத்து வராது. ஆண் துணை இல்லாமலே பெருகும் என்பதால் ஒன்று தப்பினாலும் போதும், வீட்டுப் பூச்சாடியெல்லாம் அதுவாகிவிடும். கோழிக்குக் கண்புழு பரவுவதும் இந்தக் கரப்பானைத் தின்பதால்தான்.

உங்களுக்கு நான் சொல்வது டுபியா என்ற கரப்பான். தென் அமெரிக்க இனம், ஏற்கெனவே இங்கே வளர்ப்பவர்களிடமே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சி தருவிக்க அனுமதி வேண்டும். ரெட் ரன்னர் என்ற கரப்பானை மலிவாகத் தருவார்கள், சீக்கிரம் பெருகும், சிலந்தியும் ஆசையாகப் பிடிக்கும். ஆனால் மின்னல் வேகம். முட்டைக்கூடுகளைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கும். லாப்ஸ்டர் கரப்பான் வழுவழுப்பான சுவரிலும் ஏறும். டுபியா வழுக்கும் பிளாஸ்டிக்கில் ஏறாது, பறந்தும் திரியாது. ஆணுக்கு முழுச் சிறகு இருந்தாலும் மேலிருந்து கீழே படபடத்து இறங்கத்தான் அது உதவும். பெண்ணுக்குச் சிறகு இருக்கும் இடத்தில் இரண்டு சின்ன மொட்டைத் துண்டுகள்தான், அதை வைத்தே பிரித்துவிடலாம்.

எத்தனை வாங்குவது என்பதில்தான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். விற்பவர் நூறு, இருநூறு என்று தள்ளிவிடுவார். உங்கள் கணக்கைப் பாருங்கள். வளர்ந்த ரெட் நீக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு கரப்பான் போதும். குட்டிகளுக்கு வாரம் ஒன்றோ இரண்டோ சின்னது. மாதத்துக்கு இருபது உருப்படிக்கு மேல் தேவையில்லை. ஒரு டுபியா பெண் ஒரு பேறுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 குஞ்சு போடும். ஆறு பெண், இரண்டு ஆண் போதும். அதுவே உங்களுக்கு மிஞ்சும். இவற்றோடு பல அளவில் குஞ்சுகள் முப்பது நாற்பது சேர்த்து வாங்கி, முதல் சில மாதம் அந்தக் குஞ்சுகளையே தீனிக்கு எடுங்கள். பெரிய பெண்களில் கை வைக்காதீர்கள். பிறந்த குஞ்சு பெரிதாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.

பெண்ணின் பின்பக்கம் வெளிர்மஞ்சளாக ஒரு பட்டை நீண்டு வருவதை ஒருநாள் பார்ப்பீர்கள். குடல் சரிந்துவிட்டது என்று பயந்து தொட வேண்டாம். அது முட்டைக்கூடு. காற்றாட நீட்டி, திருப்பி, மறுபடி வயிற்றுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். பொரிந்த குஞ்சுகள்தான் வெளியே வரும். வரும்போது வெள்ளையாக இருந்து சில மணி நேரத்தில் நிறம் ஏறும். கூடு வெளியே நீண்டிருக்கும் நேரத்தில் பெட்டியைக் குலுக்கினால் பெண் கூட்டை உதிர்த்துவிடும், அதில் ஒன்றும் தேறாது.

பெட்டிக்கு மூடியோடு ஆழமான பிளாஸ்டிக் தொட்டி. மூடியை வெட்டி நெருக்கமான கம்பி வலை ஒட்டுங்கள்; நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். முட்டை அட்டைகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி நிறுத்தினால் எச்சம் கீழே விழுந்துவிடும். சூடேற்றி தேவையில்லை. ஆனால் தகரக் கூரைக்கு அடியில் மேல்தட்டில் வைக்காதீர்கள், பகலில் வெந்துவிடும். எறும்புதான் இங்கே முதல் எதிரி. பழைய நாட்களில் சாப்பாட்டு அலமாரிக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே வேலையைச் செய்யுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துவிடுங்கள், கொசுவும் பெருகாது.

தீனிக்கு மருந்து கலக்காத கோழித் தீவனப் பொடி. ஈரத்துக்குக் கேரட், பூசணி, பப்பாளித் துண்டு. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். சந்தைக் கீரையில் மருந்து இருக்கலாம், அதைத் தவிர்த்துத் தோல் சீவிய காய்களையே கொடுங்கள்.

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கரப்பான் எச்சத் தூசி ஆஸ்துமாவைக் கிளப்பும், புதிதாக ஒவ்வாமையையும் உண்டாக்கும். வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் வளர்க்காதீர்கள், வாங்கியே போடுங்கள். இல்லையென்றாலும் படுக்கையறையில் வேண்டாம், பின்கட்டில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். கூட்டிய எச்சத்தில் குஞ்சுகள் கலந்திருக்கும். நமது வெப்பம் அவற்றுக்குப் பிடித்த வெப்பம் என்பதால் அப்படியே வெளியே கொட்டக் கூடாது. பையில் கட்டி இரண்டு மூன்று நாள் உறையவைத்துவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாம். அதற்கு அம்மா சமையல் ஐஸ்பெட்டியைத் தர மாட்டார், சின்னதாகத் தனிப்பெட்டி பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் கரப்பானை அரோவானா மீன் வளர்ப்பவர்கள் யாராவது சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம், டிங்கிக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் சிலந்திப் பெட்டிகளையும் கரப்பான் தொட்டியையும் அன்றைக்கு வேறு இடத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்தப் புகை இரண்டுக்குமே எமன். அறையில் கொசுவர்த்தி, ஸ்ப்ரே எதுவும் கூடாது.

சிலந்திக்குப் போடும் கரப்பான் அதன் வயிற்றுப் பகுதியை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. டுபியாவிடம் ஒரு குறை, போட்டவுடன் மண்ணுக்குள் புதைந்து அசையாமல் கிடக்கும். இடுக்கியால் தலையை நசுக்கிப் போட்டால் ஓடாது, காலை மட்டும் ஆட்டும், சிலந்தி வந்து பிடித்துக்கொள்ளும். ரொம்பச் சின்னக் குட்டிக்குக் கரப்பானின் ஒரு காலை வெட்டிப் போட்டாலே தின்னும். ஒரு நாளில் தொடவில்லை என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். தீனியை மறுத்து, வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கருத்து வந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். உரிப்பதற்காக அது மல்லாந்து கிடக்கும்போது பெட்டிக்குள் கரப்பான் இருந்தால் சிலந்தியையே கடித்துவிடும். உரித்த பிறகு நச்சுப்பல் வெள்ளையாக இருந்து, சிவந்து, பிறகுதான் கருக்கும். உங்கள் ரெட் நீக்கு அதற்கு இரண்டு வாரமாவது விடுங்கள், குட்டிகளுக்கு ஒரு வாரம். அதுவரை தண்ணீர் மட்டும் வைத்தால் போதும்.