வாசகர் கேள்விக்கு வாத்தியார் பதில்: மதகில் கிடந்த கல்

கேள்வி: வணக்கம் சேர். ஓகஸ்ட் விடுமுறைக்கு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கொழும்புக்குக் கூட்டிப் போகிறேன். சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள்தான் நிற்கலாம். நூதனசாலை, சுதந்திர மண்டபம், மிருகக்காட்சிச்சாலை, புறக்கோட்டை ஒல்லாந்தர் நூதனசாலை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?
(வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: பார்க்கலாம் தங்கச்சி, நானும் பார்த்தேன். கிளிநொச்சியில் படிப்பித்த காலத்தில் ஆண்டு ஒன்பது பிள்ளைகள் நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றிப் போய், ஒரே நாளில் ஆறு இடம் காட்டினேன். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னால், முக்கால்வாசிப் பேர் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை யானையைப் பற்றி எழுதியிருந்தார்கள். மிச்சப் பேர் பஸ்ஸில் சத்தி எடுத்தவனைப் பற்றி.

ஆகவே ஒரு நாளை முழுதாக நூதனசாலைக்கு விடுங்கள். மாங்குளத்தில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கினால், அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். கறுவாத்தோட்டத்தில் நிற்கும் பெரிய வெள்ளைக் கட்டடம், 1877 ஜனவரி 1 இல் திறந்தது. கட்டச் சொன்ன ஆளுநர் கிரகரி முன்னால் சிலையாக நிற்கிறார். கட்டிக் கொடுத்த வாப்பிச்சி மரிக்காரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

உள்ளே போனதும் மும்மொழிக் கல்லைத் தேடுங்கள். சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்று திகதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற பெருமாளுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கணக்கும் உண்டு. இந்தக் கல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்து கீழே பார்க்கக் கிடந்தது. 1911 இல்தான் கண்டெடுத்தார்கள். குளக்கட்டில் விளையாடும் உங்கள் பிள்ளைகளுக்கு மதகு என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. மூத்தவரைத் தமிழ் எழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கல் நன்றாகத் தேய்ந்துபோயிருக்கிறது. எனக்கு நாலு எழுத்துப் பிடிபடக் கால் மணித்தியாலம் சென்றது.

அப்புறம் பொலன்னறுவைச் சிவாலயங்களில் எடுத்த வெண்கலங்கள். நடராசரைக் கண்டதும் என் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி, மெதுவாகத் தேவாரமும் தொடங்கிவிட்டார். காவலுக்கு நின்ற சிங்களப் பொடியன் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் தள்ளி நின்றான். உங்கள் அம்மாவும் அப்படிச் செய்தால் தடுக்காதீர்கள்.

கண்டி அரசனின் சிம்மாசனத்தையும் விடவேண்டாம். 1815 இல் ஆங்கிலேயர் கொண்டுபோனது, 1934 இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக இருந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவனுடைய பழைய பெயர் கண்ணுசாமி. வேலூரில் சிறையிருந்து அங்கேயே 1832 இல் செத்தான்.

மற்ற நாள் காலையில் யானை, பின்னேரம் சுதந்திர மண்டபம். வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும், பிள்ளைகள் ஓடித்திரிய நல்ல இடம். ஒல்லாந்தரை அடுத்த முறை பார்க்கலாம்.

இன்னொன்று. கொழும்புக்கு வெளிக்கிட முதல், உங்களுக்குப் பக்கத்திலே இருக்கிற கற்சிலைமடுவைப் பிள்ளைகளுக்குக் காட்டினீர்களா? ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31 இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்த இடம் இது என்று, வென்ற பக்கம் கல் நட்ட ஊர். வன்னியில் யாரும் தங்கள் பிள்ளைக்கு டிறிபேர்க் என்று பெயர் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. முதலில் அங்கே கூட்டிப் போனால், கொழும்பில் எந்தக் கல்லைக் கண்டாலும் "இதை யார் நட்டது?" என்று சின்னவரே கேட்பார்.

கேள்வி: இலங்கையின் தலைநகரம் கொழும்பா, கோட்டையா?
(மாணவன், நெடுங்கேணி)

பதில்: பரீட்சையில் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை என்று எழுதும். 1982 இல் நாடாளுமன்றம் அங்கே போய்விட்டது. ஆனால் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போது "கோட்டை" என்றால் கொழும்புக் கோட்டைக்குத்தான் தருவார்கள். இரண்டும் வேறு வேறு கோட்டை, தம்பி.