பளபளக்கும் பழைய வெள்ளிக் காசு

கேள்வி: அட்லாண்டாவில் இருக்கிறோம். என் மகனுக்குப் பழைய காசு சேர்க்கும் ஆசை. இங்குள்ள ஒரு கடையில் 1925ஆம் ஆண்டு ஸ்டோன் மவுண்டன் நினைவு அரை டாலரைப் பார்த்தோம். புதுக்காசு போல மின்னுகிறது. 85 டாலர் சொல்கிறார்கள். "நூறு வருடப் பழசு, இனி கிடைக்காது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். கிடைக்காது என்பது வியாபாரப் பேச்சு. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மலையில் சிற்பம் செதுக்கப் பணம் திரட்டுவதற்காக, ஒன்று 1 டாலர் என்று விற்ற காசு இது. அச்சடித்தது 23 லட்சத்துக்கு மேல். விற்காமல் திரும்பி வந்த 10 லட்சத்தை உருக்கிவிட்டார்கள். உருக்கிய பிறகும் 13 லட்சம் மிச்சம்! அக்கால நினைவுக் காசுகளில் எளிதாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. இதை வடிவமைத்த கட்சன் போர்க்லம்தான் பிறகு ரஷ்மோர் மலையில் நான்கு ஜனாதிபதிகளைச் செதுக்கியவர். மகனிடம் சொல்லுங்கள், ரசிப்பான்.

எனக்கு உறுத்துவது அந்த மினுமினுப்புதான். யாரோ தேய்த்திருக்கலாம். காசை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றுங்கள். தேய்க்காத காசில் ஒளி சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுற்றி வரும். தேய்த்ததில் முடி போன்ற கீறல்கள் ஒரே திசையில் ஓடும், ஒளி அசையாது. அப்படிப்பட்ட காசுக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தரமாட்டார்கள். வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைப் போல இதையும் விபூதி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். கறுத்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

எடை 12.5 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி, அதாவது 11.25 கிராம். வாங்கும் நாளில் ஒரு கிராம் வெள்ளிக்குள்ள விலையோடு பெருக்கினால் அடிமட்ட மதிப்பு தெரிந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தரலாம் என்பதற்கு, ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அப்புறம், மாநிலப் பெயரின் சுருக்கமும் எண்ணும் குத்திய ஸ்டோன் மவுண்டன் காசுகளும் உண்டு. அன்று ஊர் ஊராக ஏலம் விட்டவை, இன்று விலை பல மடங்கு. சாதாரணக் காசில் இப்போது எண் குத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வகை வேண்டுமென்றால், காசுகளைச் சோதித்துச் சான்று தரும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனம் பெட்டியில் அடைத்து முத்திரையிட்டதை மட்டும் வாங்குங்கள். பெட்டி எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.