மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: எல்லோருக்கும் எட்டும் இணையப் பக்கம் செய்ய ஜாவாஸ்கிரிப்ட்

பாலக்கோடு வாசகர்: தக்காளி விலையைக் காட்டும் பக்கம் ஒன்று செய்திருக்கிறேன். 10 நொடிக்கு ஒருமுறை ஜாவாஸ்கிரிப்ட் புது விலையைக் கொண்டுவந்து அட்டவணையில் போடும். பார்வையில்லாத வியாபாரி ஒருவர், விலை மாறியதே தெரியவில்லை என்றார். மாற்றத்தைக் குரலில் அறிவிக்கச் சொல்லும் ஏரியா-லைவ் பண்பை அட்டவணைக்குப் போட்டேன். இப்போது அவருடைய ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) ஓயாமல் பேசுகிறது என்று பக்கத்தையே மூடிவிடுகிறார். என்ன செய்வது?

ஸ்கிரீன் ரீடர் தன் கர்சர் நிற்கும் இடத்தைத்தான் வாசிக்கும். பக்கத்தின் வேறொரு மூலையில் நீங்கள் எதை மாற்றினாலும், சொல்லி அனுப்பினால்தான் அதற்குத் தெரியும். அதற்குத்தான் ஏரியா-லைவ். அதை அட்டவணையின் தலையில் கட்டியதுதான் தவறு. இன்னர்-ஹெச்டிஎம்எல் மூலம் மொத்த அட்டவணையையும் திரும்ப எழுதினால், விலை மாறாத கட்டங்களும் புதிதாக வந்தவையாகவே கணக்காகும். அது மட்டுமில்லை, அவர் நான்காவது வரியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வரியே அழிந்து வேறு வரி வருகிறது. வாசித்த இடம் தொலைந்துபோகிறது. பேச்சுத் தொல்லையைவிட இதுதான் பெரிய தொல்லை.

முதலில் அட்டவணையிலிருந்து ஏரியா-லைவை எடுத்துவிடுங்கள். அதற்கு மேலே ஒரு காலி டிவ் (ஹெச்டிஎம்எல்லின் வெறும் பெட்டி) வைத்து, அதன் வேலையைச் சொல்லும் ரோல் என்பதற்கு ஸ்டேட்டஸ் என்று கொடுங்கள். பக்கம் திறக்கும்போதே அந்த டிவ் அங்கே இருக்க வேண்டும். டிவ்வையும் செய்தியையும் ஒன்றாக உண்டாக்கிச் செருகினால் பல ஸ்கிரீன் ரீடர்கள் வாய் திறக்காது. ஏற்கெனவே தெரிந்த இடத்தில் நேரும் மாற்றத்தைத்தான் அவை கவனிக்கின்றன. புது விலை வந்ததும் பழையதோடு ஒப்பிட்டு, மாறிய கட்டத்தின் டெக்ஸ்ட்-கன்டென்ட்டை (உள்ளிருக்கும் எழுத்தை) மட்டும் மாற்றுங்கள். பிறகு ஸ்டேட்டஸ் டிவ்வில் ஒரே வாக்கியம்: “நாட்டுத் தக்காளி, கிலோ 22 ரூபாய்.” எதுவும் மாறவில்லையென்றால் எதுவும் எழுதாதீர்கள். அதே வாக்கியத்தை மறுபடி சொல்லவைக்க வேண்டுமானால், டிவ்வைக் காலி செய்து சற்று இடைவெளி விட்டு எழுதுங்கள். எழுத்து மாறாவிட்டால் அறிவிப்பும் பெரும்பாலும் வராது.

ஏரியா-லைவுக்கு அசெர்ட்டிவ் என்ற மதிப்பு வேண்டாம். அது கேட்டுக்கொண்டிருப்பவரின் பேச்சை நடுவில் வெட்டும். இணைப்பு அறுந்துபோனது போன்ற செய்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே “புதுப்பிப்பதை நிறுத்து” என்று ஒரு பட்டன் அவசியம். தானாக மாறிக்கொண்டே இருக்கும் தகவலை நிறுத்தவோ மறைக்கவோ வழி வேண்டும் என்று, எல்லோருக்கும் எட்டும் இணையப் பக்கங்களுக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 2.2.2 ஆவது விதி கேட்கிறது. நிதானமாக வாசிப்பவர் எல்லோருக்கும் அது உதவும்.

ஹெச்டிஎம்எல் குறியில் மொழியைச் சொல்லும் லாங் என்பதற்கு ‘டிஏ’ என்ற இரண்டு எழுத்தைக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்து ஆங்கிலக் குரலிடம் போய் மாட்டிக்கொள்ளக்கூடும்.

கிருஷ்ணகிரி வாசகி: மாம்பழ ரகங்களின் பட்டியல் பக்கம். ‘பெங்களூரா’ என்ற பெயரைச் சொடுக்கினால் விவரம் விரியும். டிவ்வில் ஆன்-கிளிக் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் வேலை செய்யாததால் டேப்-இன்டெக்ஸ் 0 சேர்த்தேன். இப்போது டேப் அங்கே போய் நிற்கிறது. என்டர் தட்டினால் விரியவில்லை.

டேப்-இன்டெக்ஸ் ஃபோகஸை, அதாவது கீபோர்டு அங்கே வந்து நிற்பதை, மட்டும்தான் தரும். அது பட்டன் என்ற அடையாளமும் வராது, என்டரும் ஸ்பேஸும் இயங்காது. அவற்றை எழுதப் போனால் கீடவுன் நிகழ்வில் (விசையை அழுத்தும்போது) என்டர், கீஅப்பில் (விசையை விடும்போது) ஸ்பேஸ், ஸ்பேஸ் தட்டியதும் பக்கம் கீழே ஓடாமலிருக்க பிரிவென்ட்-டிஃபால்ட் என்று வால் நீளும். பட்டன் குறியைப் போட்டால் இத்தனையும் பிரவுசரே தருகிறது. உங்கள் ஆன்-கிளிக்கை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். படிவத்துக்குள் வைத்தால் டைப் என்பதற்கு பட்டன் என்றே எழுதுங்கள், இல்லையேல் சொடுக்கியதும் படிவம் அனுப்பப்பட்டுவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இரண்டுதான். விவரப் பகுதியை மறைக்கும் ஹிட்டன் பண்பை எடுப்பது, விரிந்ததா மூடியதா என்று சொல்லும் பட்டனின் ஏரியா-எக்ஸ்பாண்டடை ஃபால்ஸிலிருந்து ட்ரூவாக மாற்றுவது. மூடும்போது இரண்டையும் திருப்புங்கள். ஒன்று மாறி மற்றது மாறாமல் போனால், விரிந்ததை மூடியிருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடர் பொய் சொல்லும். பட்டனின் தோற்றத்தை சிஎஸ்எஸ்ஸில் எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். ஃபோகஸைச் சுற்றி வரும் கோட்டை நீக்கும் அவுட்லைன் நன் மட்டும் போடாதீர்கள். கண் தெரிந்து, கை நடுக்கத்தால் கீபோர்டை நம்பியிருப்பவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அந்தக் கோடுதான்.

ஓசூர் வாசகர்: வட்டத்தை (தாலுகாவை) தேர்ந்தெடுத்ததும் அந்த வட்டத்தின் பக்கம் திறக்கும்படி, பட்டியல் விரியும் செலக்ட் பெட்டி வைத்தேன். எதைத் தேடினாலும் அஞ்செட்டிதான் வருகிறது என்று ஒருவர் புகார் சொல்கிறார்.

அவர் மவுஸ் பயன்படுத்தாதவராக இருக்க வேண்டும். விண்டோஸில் மூடிய செலக்ட் பெட்டியில் கீழ் அம்பை ஒருமுறை தட்டினாலே மதிப்பு மாறி, சேஞ்ச் நிகழ்வு கிளம்பி, நீங்கள் எழுதியபடி பக்கம் திறந்துவிடும். உங்கள் மாவட்டத்தின் 8 வட்டங்களை அகர வரிசையில் அடுக்கினால் முதலில் அஞ்செட்டி, கடைசியில் போச்சம்பள்ளி. போச்சம்பள்ளிக்காரர் முதல் தட்டிலேயே அஞ்செட்டிக்குக் கடத்தப்படுகிறார். பெட்டிக்குப் பக்கத்தில் “காட்டு” என்று ஒரு பட்டன் வையுங்கள், பக்கம் மாற்றும் வேலையை அதன் கிளிக்கில் எழுதுங்கள். தீர்ந்தது.

அரூர் மாணவி: இவற்றைச் சோதிக்க மென்பொருள் வாங்க வேண்டுமா? எந்த வரிசையில் சோதிப்பது?

வாங்க வேண்டாம். விண்டோஸுக்கு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய மென்பொருள். கூடவே வரும் ஈஸ்பீக் குரல்களில் தமிழும் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. என்விடிஏவில் ஹெச் விசை அடுத்த தலைப்புக்கும், பி அடுத்த பட்டனுக்கும், எஃப் அடுத்த படிவக் கட்டத்துக்கும் கொண்டுபோகும். இன்செர்ட்டுடன் எஃப்7 தட்டினால் இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வரும்.

ஆனால் என்விடிஏவை உடனே திறக்காதீர்கள். அதன் பிரவுஸ் நிலையில் (பக்கத்தை வாசித்துச் செல்லும் நிலை) என்டர் தட்டினால், வெறும் டிவ்வின் மேல்கூட மவுஸ் சொடுக்கு போலவே நடந்துவிடும். கீபோர்டில் வேலை செய்யாத பக்கம் வேலை செய்வதுபோல் தோன்றும். முதல் சுற்றில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், ஷிஃப்ட் டேப், என்டர், ஸ்பேஸ், எஸ்கேப் இவற்றால் மட்டும் பக்கத்தை முழுதாகச் சுற்றி வாருங்கள். எதையாவது நீக்கும் பட்டன் இருந்தால் அதைத் தட்டிய பிறகு ஃபோகஸ் எங்கே போகிறது என்று பாருங்கள். வரியோடு சேர்ந்து பட்டனும் அழிந்திருந்தால் ஃபோகஸ் அந்தரத்தில் நிற்கும். அடுத்த வரியின் பட்டனுக்கோ, டேப்-இன்டெக்ஸ் -1 கொடுத்த தலைப்புக்கோ ஃபோகஸ் செயல்கூறால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். அது சரியான பிறகு என்விடிஏவைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு இரண்டாம் சுற்றைத் தொடங்குங்கள்.