ஆபரேட்டர் பதில்கள்: ஒட்டுப்போட்ட வாள்சண்டை

கேள்வி: 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தைப் பாட்டியோடு டி.வி.யில் பார்த்தேன். கிண்டலடிக்கத்தான் உட்கார்ந்தேன், கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அறுபது வருடப் பழைய படத்தில் அப்படி என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவி, கரூர்

கிண்டலடிக்க வந்தவர்களை உட்கார வைப்பது அந்தப் படத்துக்குப் பழைய பழக்கம். எழுபதுகளின் நடுவில் நான் ஒரு டூரிங் டாக்கீஸில் உதவி ஆபரேட்டர். புதுப்படம் படுத்துவிட்டால் முதலாளி வாயில் ஒரே பேச்சுதான்: "வாத்தியார் பெட்டியை வரவழை." வாத்தியார் என்றால் எம்.ஜி.ஆர். வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் படத்தின் ரீல் பெட்டி எங்கள் கொட்டகைக்கு வந்துவிடும்.

ஒரு படத்தில் ஜனங்களுக்கு எந்த இடம் பிடிக்கிறது என்று தெரிய விமர்சனம் படிக்க வேண்டாம். ரீலை விளக்கில் பிடித்துப் பார்த்தால் போதும். கப்பலில் பாடும் 'அதோ அந்தப் பறவை போல' இருக்கிற ரீலில் ஒரே மழை. ஒன்ஸ் மோர் கேட்டுக் கேட்டு ஊர் ஊராகச் சுருட்டி ஓட்டியதில் விழுந்த கீறல்கள். நம்பியாரோடு மோதும் வாள்சண்டை ரீலோ ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருக்கும். அறுந்து ஒட்டியது பாதிதான். மீதியெல்லாம் ஆபரேட்டர்கள் நாலு பிரேம், எட்டு பிரேம் என்று கத்தரித்துப் பையன்களுக்குக் கொடுத்தது. நானும் கொடுத்திருக்கிறேன், இப்போது யாரும் கேஸ் போட மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். பையன்கள் கண்ணாடித் துண்டில் வெயிலைத் திருப்பி, லென்ஸ் வைத்து, அதைச் சுவரில் 'படம்' காட்டுவார்கள்.

நொடிக்கு 24 பிரேம். பன்னிரண்டு போனால் அரை நொடி போச்சு. எங்கள் காப்பியில் எம்.ஜி.ஆர். வாளை ஓங்குவார், அடுத்த கணம் நம்பியார் இரண்டடி தள்ளி நிற்பார். நடுவிலிருந்த வீச்சு எங்கே? ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பையனின் டவுசர் பையில்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் படம் உங்களை முதலில் பட்டினி போடுகிறது. எம்.ஜி.ஆர். நடிக்கும் மணிமாறன் ஒரு வைத்தியர். காயம்பட்ட புரட்சிக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்ததுதான் அவர் செய்த குற்றம். அதற்காகக் கன்னித்தீவுக்குக் கொண்டுபோய் அடிமையாக விற்கிறார்கள். (இந்தக் கன்னித்தீவுக் கதை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், பயப்பட வேண்டாம்.) அடிமைகளோடு அடிமையாக எம்.ஜி.ஆர். நின்று விலைபோகும்போது தரை டிக்கெட்டில் ஒரு விசில் கிடையாது, வேர்க்கடலை உடைக்கும் சத்தம்கூட நின்றுவிடும். அந்த மௌனத்தைக் கேட்டவன் நான். அப்புறம் கப்பல் ஏறி அவர் பாட ஆரம்பிக்கும்போது கொட்டகைக் கீற்று ஆடும். முதலிலேயே கப்பலைக் காட்டியிருந்தால் அது வெறும் கப்பல்தான். இப்போது வருகிற படங்களில் முதல் காட்சியிலேயே நாயகன் இருபது பேரை அடித்துவிடுகிறான். மிச்சப் பசிக்கு என்ன பரிமாறுவது?

2014 மார்ச்சில் படத்தை டிஜிட்டலாக்கி மறுபடி வெளியிட்டார்கள், சென்னையில் வெள்ளிவிழா கண்டது. நானும் போனேன். மழையில்லாத காப்பியில் அந்த வாள்சண்டையை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நாற்பது வருடமாக ஓங்கியே நின்ற வாள் அன்றைக்குத்தான் கீழே இறங்கியது. பக்கத்து சீட்டுப் பையன் என்னைப் பார்த்தான், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சண்டைக் காட்சிக்கு அழுகிற கிழவனை அவன் எங்கே கண்டிருப்பான்.

கேள்வி: அது இங்கிலீஷ் படத்தின் நகல்தானே? அதற்கு ஏன் இத்தனை புகழ்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஒளிக்க ஒன்றுமில்லை ஐயா. 1935ல் மைக்கேல் கர்ட்டிஸ் எடுத்த 'கேப்டன் பிளட்' படத்தின் எலும்புக்கூடுதான் இதில் இருக்கிறது. அதற்கும் முன்னால் அது ரஃபேல் சபாட்டினியின் 1922 நாவல். அங்கேயும் நாயகன் ஒரு டாக்டர். கலகக்காரனுக்கு வைத்தியம் பார்த்ததற்காக அடிமையாக விற்கப்படுகிறான், தப்பிக்கிறான், கடற்கொள்ளைக்காரன் ஆகிறான். எரால் ஃப்ளின்னைப் பெரிய நடிகராக்கிய படம் அது. கடல்சண்டைக்கு மினியேச்சர் கப்பல்களையும், பழைய மௌனப் படத்திலிருந்து எடுத்த காட்சிகளையும் வைத்தே சமாளித்திருப்பார்கள்.

நம் படத்தின் இயக்குநர் பி.ஆர். பந்துலு கர்நாடகத்துக் கார்வார் கடலுக்கே ஆட்களைக் கூட்டிப்போய்விட்டார். சிவாஜியை வைத்து 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' எடுத்த மனிதர், முதல்முறையாக எம்.ஜி.ஆர். பக்கம் வந்த படம் இது. ஜெயலலிதா எம்.ஜி.ஆரோடு ஜோடி சேர்ந்ததும் இதில்தான் முதல். அப்போது அவருக்கு 17 வயது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. அதன்பின் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுகிற வித்தியாசம் வேறு. இங்கிலீஷ் படத்து நாயகன் பிளட்டுக்கு விடிவு வருவது லண்டனில் ராஜா மாறியதால். நம் ஆட்கள் யார் மாறுவார் என்றும் காத்திருக்கவில்லை. கப்பல் கையில் வந்ததும் கண்ணதாசன் வரிகளில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நகல் என்ற பேச்சு எடுபடாது.

கேள்வி: உங்கள் ஓட்டு எம்.ஜி.ஆருக்கா, நம்பியாருக்கா?
– வாசகர், திண்டுக்கல்

வாங்கிய சம்பளம் வாத்தியார் படங்களால். ஆனாலும் மதம்கொண்ட யானை என்ன செய்யும் என்று நம்பியார் கேட்கும் இடத்தில் அந்தக் குரலும் கண்ணும் இல்லையென்றால், சினம்கொண்ட சிங்கத்திடம் தோற்று ஓடும் என்று வரும் பதிலுக்கு யார் கைதட்டுவார்கள்? அந்தப் பதிலைத் திரையில் எம்.ஜி.ஆர். சொல்வதற்கு முன் தரை டிக்கெட் சொல்லிவிடும். வசனம் ஆர்.கே. சண்முகம்.

கேள்வி: படம் ஓட்டும்போது பெரிய தப்பு ஏதாவது செய்ததுண்டா?
– வாசகி, விருதுநகர்

இதே படத்தில்தான். ஆபரேட்டர் காய்ச்சலில் படுத்த அன்று புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிசெய்து, பெட்டியிலிருந்து ரீல் எடுத்து, எல்லாமே நான். இடைவேளைக்கு முன்பே இரண்டு ரீலை மாற்றி மாட்டிவிட்டேன். எல்லோரும் விடுதலையாகிக் கப்பலில் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் கன்னித்தீவுச் சந்தையில் வரிசையாக நின்று விலைபோனார்கள். நான் வேர்த்து விறுவிறுத்துப்போய் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கொட்டகையில் ஒரு கூச்சல் இல்லை. படம் விட்டு வெளியே வரும்போது ஒரு பெரியவர் மட்டும் என் தோளைத் தொட்டுக் கேட்டார்: "தம்பி, தப்பிச்சுப் போனவங்களைத் திரும்பவும் எதுக்கு வித்தாங்க?"